லோரி மெதுவாகத்தான் வந்ததா?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகர்
12 செப்டம்பர் 2025, மாலை 6.15

ரெண்டு நாளைக்கு முன்னாடி ஜூரு பக்கம் மழையில மோட்டார் சறுக்கி விழுந்துட்டேன். பின்னாடி வந்த லோரி பிரேக் போட்டு, தலைக்குக் கொஞ்ச தூரத்துல வந்து நின்னுச்சு. விழுந்ததுல இருந்து அது நிக்கிற வரைக்கும் எல்லாமே ஸ்லோ மோஷன். சக்கரத்து நட்டை ஒவ்வொன்னா எண்ணியிருக்கலாம், அவ்வளவு தெளிவு. ஆபத்து வந்தா மூளை வேகமா ஓடும், அதனால காலம் மெதுவாத் தெரியும்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. நிஜமா? அப்படி மூளை வேகமாச்சுன்னா, அவ்வளவு நேரம் இருந்தும் நான் ஏன் ஒன்னுமே செய்யல?

12 செப்டம்பர், இரவு 10.40

முதலில், உயிரோடு வந்தீர்களே, அது போதும் தம்பி.

வீடியோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை ஆளை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேவிட் ஈகிள்மன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் சின்ன வயதில் கூரையிலிருந்து விழுந்தவர். விழும்போது நேரம் நீண்டுகொண்டே போனதாக உணர்ந்தாராம். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 2007இல் அவரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைக் கயிறு கட்டாமல் மல்லாக்க விழ வைத்தார்கள். கீழே வலை. விழ ஆகும் நேரம் 2.49 விநாடி.

மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒரு கருவி. அதில் ஓர் எண்ணும், அதே எண் இருளும் ஒளியும் இடம் மாறிய உருவமும் மாற்றி மாற்றி மின்னும். மெதுவாக மின்னினால் எண்ணைப் படித்துவிடலாம். ஓர் அளவைத் தாண்டினால் இரண்டும் கலந்து ஒரே வெளிச்சமாகிவிடும். அவரவர் கண்ணால் பிடிக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வைத்து விழச் செய்தார்கள். ஆபத்தில் நாம் உண்மையிலேயே ஸ்லோ மோஷனில் பார்க்கிறோம் என்றால், விழுகிறவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியவில்லை. தரையில் நின்றபோது எப்படியோ, விழும்போதும் அப்படியே.

ஆனால் விழுந்து முடித்தவர்களிடம் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுத்து, "மனசுல ஓட்டிப் பாத்து எவ்வளவு நேரம்னு அமுக்குங்க" என்றபோது, மற்றவர் விழுந்ததற்குக் காட்டிய நேரத்தைவிடத் தாம் விழுந்ததற்குச் சராசரியாக 36 விழுக்காடு அதிகம் காட்டினார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இந்த நேரத்தில் பதில் எழுத மனம் வரவில்லை. அது தனியாக, நிதானமாக எழுத வேண்டியது.

13 செப்டம்பர், காலை 7.20

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வார்த்தை. அப்போது கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியவில்லை என்றால், பிறகு ஏன் நீளமாகத் தோன்றுகிறது? ஆய்வாளர்கள் பலர் கை காட்டுவது நினைவை. பயத்தில் அட்ரினலின் ஏறும்போது மூளைக்குள் அமிக்டலா என்ற பகுதி முடுக்கிவிடப்படும். அது வேலை செய்யும் நேரத்தில் நடந்தவை ஆழமாகப் பதியும். 1994இல் லேரி கேஹில், ஜேம்ஸ் மெக்காஃப் குழுவினர் இதைக் காட்டினார்கள். அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஒரு கதையைக் காட்டினால், அதில் மனதை உலுக்கும் பகுதி மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக நினைவில் நிற்பதில்லை.

பதிந்தது நிறைய இருந்தால், பின்னால் நினைக்கும்போது நேரமும் நீண்டு தெரியும். தைப்பூசத்தன்று போனில் எடுத்த படம் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதற்கு முந்தைய வாரம் ஒன்றோ இரண்டோதான். ஒரு வருடம் கழித்துப் புரட்டினால் தைப்பூசம் ஒரு நாளாகவா தெரிகிறது? உங்கள் சக்கர நட்டும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

13 செப்டம்பர், இரவு 11.05

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கிள்ளான் அக்கா கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணி. வருகிற கேஸ்களில் பாதிக்கு மேல் சாலை விபத்து. மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத நம்மவர்கள் வந்தால், உட்கார வைத்து, தமிழில் கேட்டு, நடந்ததை எழுதி எடுப்பது என் வேலை. விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் நடுக்கம் அடங்கும் முன்பே சொன்ன வார்த்தைகளெல்லாம் காகிதத்தில் ஏறிவிடும். எங்களிடம் வரும்போது அதை மாற்ற முடியாது.

ஓர் அம்மா வந்தார். காலையில் கடைகளுக்கு அப்பளம், ஊறுகாய் போடப் போகிறவர். சந்திப்பில் திரும்பும்போது கார் இடித்து முழங்கால் போய்விட்டது. ரிப்போர்ட்டில், கார் வந்த நேரம் சுமார் பத்து விநாடி என்று சொல்லியிருந்தார். எங்களிடமும் அதையேதான் சொன்னார்: "அது வந்துகிட்டே இருந்துச்சு சார். வந்துகிட்டே இருந்துச்சு." காருக்குள் கண்ணாடி ஓரம் மஞ்சள் நிறத்தில் சின்னப் பிள்ளையார், டிரைவர் கையில் போன், முன் பம்பரில் ஒரு பக்கம் மட்டும் டேப் ஒட்டியிருந்தது என்று வரிசையாகச் சொன்னார்.

எதிர்க் கடைக்காரர் கேமரா படம் கொடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டேன். கீழே வலது மூலையில் விநாடி ஓடுகிறது. கார் கண்ணுக்குத் தெரிவது முதல் இடிப்பது வரை இரண்டு விநாடிகூட முழுதாக இல்லை. அந்த அம்மா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "மறுபடி போடுங்க" என்றார். போட்டேன். "இது வேற வண்டி சார், நம்ம வண்டி இல்ல" என்றார். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். பம்பரில் டேப் இருந்தது. அவர் சொன்ன அதே பக்கம்.

இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொருளைச் சரியாகச் சொல்வார்கள், அளவைச் சொல்லும்போதுதான் நீண்டுவிடும். அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் குழு 1987இல் அரை நிமிட வங்கிக் கொள்ளைப் படத்தைக் காட்டி, பின்னர் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டது. சராசரிப் பதில் இரண்டு நிமிடத்துக்கும் மேல். நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்து பார்த்தவர்களின் கணக்கு அது.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்து விநாடியைப் பிடித்துக்கொள்வார். "பத்து விநாடி பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், ஏன் ஒதுங்கவில்லை?" என்பார். தவறில் பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு உண்டு என்று முடிவானால் இழப்பீட்டில் அந்தப் பங்கைக் கழித்துவிடுவார்கள். கேமரா படம் இல்லாத கேஸ்களில் எத்தனை பேர் தங்கள் வாயாலேயே தங்கள் பணத்தை வெட்டிக்கொண்டிருப்பார்களோ.

14 செப்டம்பர், மதியம் 1.30

ஈப்போ ஆசிரியருக்கு: ஆபத்தில் காலம் நீள்வது இன்று நேற்றுப் பேச்சு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரியாகச் சொன்னீர்கள். ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிட்சர்லாந்து நிலவியலாளர் 1871இல் செந்திஸ் மலையில் விழுந்து பிழைத்தார். பிறகு மலையிலிருந்து விழுந்து பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு, 1892இல் எழுதி வெளியிட்டார். வலி தெரியவில்லை, பயம் இல்லை, எண்ணங்கள் அலையலையாக வந்தன, காலம் மிகவும் நீண்டுவிட்டது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். மலையில் விழுந்து இறந்தவர்களின் கடைசி நேரம் வேதனையாக இருந்திருக்காது என்பது அவர் வந்த முடிவு. இறந்தவர்களின் வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஒன்று மட்டும்: அவர் கேட்டதெல்லாம் பிழைத்தவர்களிடம். உயிர் பிழைத்து, கட்டுப் போட்டு, ஆற அமர நினைத்துப் பார்த்தவர்கள்.

14 செப்டம்பர், இரவு 9.15

புக்கிட் மெர்தாஜாம் தம்பி பூப்பந்தைக் கொண்டுவந்துவிட்டார். எங்கிருந்து எங்கே! ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கிற ஸ்மாஷை எதிராளி எடுக்கிறாரே, அவருக்குப் பந்து மெதுவாகத் தெரிகிறதா?

புரூஸ் அபர்நெத்தி என்ற ஆஸ்திரேலியர் 1980களில் பூப்பந்து ஆட்டக்காரர்களை வைத்தே இதை ஆராய்ந்தார். பந்து மட்டையில் படுவதற்கு முன்பே படத்தை வெட்டிவிட்டு, எங்கே விழும் என்று கேட்டார். தேர்ந்தவர்கள் எதிராளியின் கையையும் மட்டையையும் வைத்தே சொல்லிவிட்டார்கள். புதியவர்கள் மட்டையை மட்டும் பார்த்தார்கள். பந்து கிளம்பும் முன்பே ஆட்டக்காரரின் கால் கிளம்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே தெரியும். பூப்பந்து வீரர் லீ சோங் வேய் வளர்ந்த ஊர் இல்லையா.

16 செப்டம்பர், காலை 10.10

மலேசியா தின விடுமுறை. பட்டர்வொர்த் தம்பியின் கடைசிக் கேள்விக்கு, "நான் ஏன் ஒன்னுமே செய்யல" என்றதற்கு, இன்று பதில் எழுதிவிடுகிறேன். அதற்கு என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

26 டிசம்பர் 2004, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் வந்தபோது நம் ஊரில் காலை மணி ஒன்பதாகவில்லை. பினாங்குக் கரைக்குச் சுனாமி அலை வந்ததோ மதியம் ஒரு மணிக்கு மேல். இடையில் நான்கு மணி நேரம், எச்சரிக்க யாரும் இல்லை. பள்ளி விடுமுறை, கடற்கரையெல்லாம் கூட்டம். மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான்.

பெரியம்மா பத்து பெரிங்கிக் கடற்கரையில் இருந்தார். கூட என் அக்கா மகன், அப்போது சின்னப் பிள்ளை. கடல் உள்வாங்கியதும் பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடியிருக்கிறார்கள். பெரியம்மா இவனை மட்டும் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். அப்போதுதான் தண்ணீர் வந்தது.

"தண்ணி ஓடி வரலடா. நடந்து வந்துச்சு" என்பார். தூக்குச்சட்டி மூடி ஒன்று தண்ணீரில் சுழன்றுகொண்டே வந்ததையும், யாருடையதோ ஒற்றை நீலச் செருப்பையும் இன்றைக்கும் சொல்வார். பையன் கை நழுவிப் போனான். ஒரு கடையின் வேலியில் சிக்கி நின்றவனை ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூக்கி வந்து கொடுத்தார். பிழைத்துக்கொண்டான். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கல்யாணமும் பேசுகிறார்கள்.

ஆனால் பெரியம்மாவுக்கு அந்தக் கை இன்னும் நழுவிக்கொண்டுதான் இருக்கிறது. "எனக்கு நேரம் இருந்துச்சுடா. இன்னொரு கையால புடிச்சிருக்கலாம். மரத்துப் பக்கம் திரும்பியிருக்கலாம். அவ்வளவு நேரம் இருந்துச்சு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! தெலுக் பகாங்கில் மாசி மகத்துக்குத் தேர் கடலில் இறங்கும்போது குடும்பமே போகும், அவர் மட்டும் வீட்டில் இருந்துவிடுவார்.

ஈகிள்மன் ஆய்வைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது பெரியம்மாவின் முகம்தான். அந்த மணிக்கட்டுக் கருவி சொல்வது இதைத்தானே: பின்னால் நீண்டு தெரிகிற அந்த நேரம் அப்போது கையில் இருந்ததே இல்லை. அதற்குள் எதையும் பார்த்துவிடவோ, யோசித்துவிடவோ கூடுதலாக ஒரு துளியும் கிடைக்கவில்லை. கரையேறும் சுனாமி ஆள் ஓடும் வேகத்தைவிட வேகமாக வரும். நடந்தெல்லாம் வந்திருக்கவே முடியாது. இல்லாத நேரத்தில் செய்யாமல் விட்டதற்காக ஒரு மனுஷி இருபது வருடத்துக்கு மேலாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் இதையெல்லாம் விளக்கினேன், வலையில் விழுந்தவர்கள் கதை, எண் தெரியாத கதை எல்லாம். முழுதாகக் கேட்டார். "அப்போ அந்தச் செருப்பு?" என்றார். செருப்பு உண்மை, பெரியம்மா, நேரம்தான் உண்மை இல்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் அவராகவே வந்து, அந்த அமெரிக்கர்கள் விழ எவ்வளவு நேரம் ஆனது என்று இன்னொரு முறை கேட்டார்.

தம்பி, "அவ்வளவு நேரம் இருந்தும்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஏன் திக்கென்றது என்று இப்போது புரியும்.

17 செப்டம்பர், இரவு 8.45

கோலாலம்பூர் டாக்டரம்மா நேற்று இரவு நீண்ட பதில் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் நினைவின் தலையில் கட்டுவதை அவர் ஏற்கவில்லை. நியாயமான மறுப்பு, யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வால்ட்டேரி ஆர்ஸ்டிலா என்ற பின்லாந்துத் தத்துவ அறிஞரும் 2012இல் இதே திசையில் எழுதினார். விபத்தில் சிக்கிய சிலர் அந்தக் கணத்துக்குள் யோசித்து, முடிவெடுத்து, அதன்படி செய்தும் இருக்கிறார்கள். நினைவு மட்டும் தடித்துப்போனது என்றால் இது எப்படி என்பது அவர் வாதம். எண்ணத்தின் ஓட்டம் நிஜமாகவே வேகமாகி, அதற்கு எதிரே வெளியுலகம் மெதுவாகத் தெரியலாம் என்கிறார். மணிக்கட்டுக் கருவி அளந்தது கண்ணின் வேகத்தைத்தான், எண்ணத்தின் வேகத்தை அது அளக்கவில்லை. இந்த இடத்தில் டாக்டரம்மா பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. 12ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

உடலின் கடிகாரம் மாறவே மாறாது என்றும் நான் சொல்லவில்லை. ஹட்ஸன் ஹோக்லண்ட் என்பவர் 1930களில், காய்ச்சலில் படுத்திருந்த மனைவியை, விநாடிக்கு ஒன்று வீதம் 60 வரை எண்ணச் சொன்னார். காய்ச்சல் ஏற ஏற, நிமிடம் முடியும் முன்பே எண்ணி முடித்தார் அந்த அம்மா. கணவர் மருந்து வாங்கப் போய்வந்த கொஞ்ச நேரம் அவருக்கு ரொம்ப நேரமாகத் தெரிந்ததில்தான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது.

இன்னொன்று. முதல்முறை விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தவர்களை 2007இல் கேம்பல், பிரையன்ட் இருவரும் ஆராய்ந்தார்கள். அதிகம் பயந்தவர்களுக்கு நேரம் மெல்லப் போனது, அதிகம் குதூகலித்தவர்களுக்கு விரைந்து போனது. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்கள் "படி ஏறுனதே தெரியல" என்று சொல்வதை இதோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே 500 படிக்கு மேல் இருக்கிறது!

ஆனாலும் டாக்டரம்மா, எண்ணம் வேகமானது என்றே வைத்துக்கொண்டாலும், கையும் காலும் அந்த வேகத்துக்கு வருமா? எதிர்பாராத ஒன்றைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்று, ஒன்றரை விநாடி ஆகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர். ஒன்றரை விநாடியில் 33 மீட்டர் போய்விடும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே. என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான். மனதுக்குள் எவ்வளவு நீண்டிருந்தாலும், உடம்புக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

18 செப்டம்பர், காலை 6.50

பட்டர்வொர்த் தம்பி, நேற்று நள்ளிரவில் நீங்கள் எழுதியதை இப்போதுதான் படித்தேன். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருந்தது உங்கள் தம்பி என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்து நினைவோடு பேசுகிறான் என்றது பெரிய நிம்மதி. "அண்ணன் முன்னாடியே பாத்திருக்கான், கத்தியாவது இருக்கலாம்" என்று சொன்ன உங்கள் மாமாவை இந்த இழையை மேலிருந்து படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றைக் கவனித்தேன். வலது கை விரல் இரண்டு வீங்கியிருக்கிறது, பிரேக்கைப் பிடித்த பிடியிலேயே விழுந்திருக்கிறேன் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படி ஒன்றுமே செய்யவில்லை என்கிறீர்கள்? பிரேக் பிடித்திருக்கிறீர்கள். பழகிய கை யோசிக்காமல் செய்தது, அது செய்ததாக நினைவில் நிற்கவில்லை. சக்கர நட்டுதான் நின்றிருக்கிறது. கிடைத்த நேரத்துக்குள் செய்யக்கூடியதை உங்கள் கை செய்து முடித்திருக்கிறது.

18 செப்டம்பர், மதியம் 12.50

இது வேலை விஷயம், உடனே கவனிக்கவும். பின்னால் மைவி காரில் வந்தவர் உங்கள் தம்பியைத் தூக்க உதவினார், நம்பர் கொடுத்தார் என்றீர்கள். அவர் காரில் கேமரா இருந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். கார்டு நிரம்பினால் பழைய படத்தின் மேலேயே புதியது பதிந்துவிடும், தினமும் ஓடுகிற காரில் ஒரு வாரம்கூடத் தாங்காத கார்டுகள் உண்டு. ஏற்கெனவே எட்டு நாள் ஆகிவிட்டது. இருந்தால் கார்டைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் போதாது, மூலப் பதிவு வேண்டும். லோரியிலும் கேமரா இருந்திருக்கலாம், அதை வக்கீல் மூலம் எழுத்தில் கேட்கணும்.

போலீஸ் ரிப்போர்ட்டில் எத்தனை விநாடி என்று ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா? நகலைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் ஆள் வந்து கேட்டால், எங்கே இருந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், மழை எப்படி, லோரி எந்தப் பாதையில் என்று நினைவிருப்பதைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. நாளை ஆறு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை, உங்கள் தம்பி இருக்கும் வார்டு எது என்று எழுதுங்கள், கடைசி ஃபெரியைப் பிடித்தாவது வந்துவிடுகிறேன்.